26 அடி டிஸ்க்கும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும்

மும்பை சயான் கோலிவாடாவில் முப்பது ஆண்டுக்கு மேலாக நாங்கள் இருந்த கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள். காலி செய்ய பில்டர் கொடுத்த கெடு அறுபது நாள். புது வீட்டுச் சாவி கைக்கு வரும்வரை, அது மூன்று வருடமோ ஐந்து வருடமோ, செம்பூரில் வாடகை வீடு. ஒரு ஹால், ஒரு பெட்ரூம், சமையலறை. சாமான்களைக் கணக்கெடுத்தபோது என் மனைவி பேச்சை வளர்க்கவில்லை. "உங்க டிஸ்க் அலமாரியா, என் பீரோவா? அந்தச் சுவத்துல ஒண்ணுதான் நிக்கும்" என்றாள்.

டேப் எடுத்து அளந்தேன். டிவிடி 420, விசிடிப் படங்கள் 150, ப்ளூ-ரே 40. டிவிடி பெட்டி ஒன்றின் தடிமன் 14 மில்லிமீட்டர். விசிடிப் பெட்டி அதைவிடக் கொஞ்சம் ஒல்லி. எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தினால் 26 அடி வருகிறது. மும்பையில் 26 அடி என்பது ஒரு ஆள் படுத்து எழும் அறையின் மூன்று சுவர். பீரோதான் ஜெயித்தது, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்ல ஏத்து, டிஸ்க்கை பங்கார்ல போடு." பங்கார் என்றால் இங்கே பழைய இரும்பு, பிளாஸ்டிக் எடுக்கும் கடை. நானும் அப்படித்தான் செய்வதாக இருந்தேன். ஒவ்வொரு டிஸ்க்காகக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கப் பார்க்க எண்ணம் மாறியது. ஏன் மாறியது என்பதைத்தான் எழுதப்போகிறேன். உங்கள் வீட்டு லாஃப்டிலும் இப்படி ஒரு மூட்டை இருந்தால் உதவும்.

சேர்த்தது அப்பா. ரயில்வேயின் மாட்டுங்கா பணிமனையில் வேலை பார்த்தவர். ஊர்ப் படம் பார்க்க வேண்டுமென்றால் கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டர், அதை விட்டால் வாடகைக் கேசட் என்று இருந்த ஆள். விசிடி வந்ததும் சம்பள நாளில் ஒன்று என்று வாங்க ஆரம்பித்தார். 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விலையை இறக்கியபோது ஒன்று ஐந்தானது. அதே விலையில் ஸ்டேஷன் வாசலில் திருட்டு டிஸ்க்கே வாங்கிக்கொண்டிருந்தோம், ஒளிப்பானேன். ஒரே டிவிடியில் நாலு படம் திணித்து, முகமெல்லாம் சதுரம் சதுரமாகத் தெரியும். அசலும் அதே விலை என்றானதும் அப்பா அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார். அந்த நிறுவனமும் இன்று இல்லை. 2018இல் கலைப்பு உத்தரவு வந்தது. காலா கோடாவில் அத்தனை ஆண்டு நின்ற ரிதம் ஹவுஸ் என்ற கேசட், டிஸ்க் கடையும் 2016 பிப்ரவரியோடு மூடியாயிற்று. அலமாரியில் உள்ளதை மறுபடி கடையில் போய் வாங்க முடியாது என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லா டிஸ்க்கையும் ஒரே சாதியாகப் பார்ப்பதுதான் பொதுவாக நடக்கும் தவறு. மூன்றுக்கும் ஒரே 12 சென்டிமீட்டர் வட்டம், ஒரே 1.2 மில்லிமீட்டர் கனம். ஆனால் படம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது வேறு வேறு.

விசிடியில் தகவல் இருப்பது அச்சிட்ட மேல்பக்கத்துக்கு அடியில், ஒரு மெல்லிய வார்னிஷ் பூச்சுக்குக் கீழே. அடிப்பக்கத்துக் கீறலைத் துடைத்துத் தேய்த்து ஓட்டிவிடலாம். மேல்பக்கம் நகம் பட்டு அலுமினியம் உரிந்தால் அந்தக் காட்சி போனது போனதுதான். நாமோ அச்சிட்ட பக்கத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்து அடிப்பக்கத்தை மேலே வைத்து மேசையில் தேய்த்துக்கொண்டிருந்தோம். டிவிடியில் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளை ஒட்டி, நடுவில் தகவலை வைக்கிறார்கள். இரு பக்கமும் பிளாஸ்டிக் காவல் உண்டு. ஆனால் ஒட்டிய பசை விளிம்பில் விட ஆரம்பித்தால் காற்றும் ஈரமும் உள்ளே போகும். ப்ளூ-ரேயில் தகவல் அடிப்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் உள்ளே. அதனால்தான் அதற்கு மட்டும் கெட்டியான ஒரு மேற்பூச்சு கொடுத்திருக்கிறார்கள். கைரேகை ஒட்டும், கீறல் அவ்வளவு சீக்கிரம் விழாது.

நான்காவதாக ஒரு வகை உண்டு, ஆபத்தே அதில்தான். கடையில் விற்ற படங்கள் ஆலையில் அச்சில் அழுத்தி எடுத்தவை. நாமே எழுதுகிற டிவிடி-ஆர் அப்படி இல்லை. அதில் ஒரு சாயப் பூச்சு இருக்கிறது, லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டு எழுதுகிறது. சாயம் வெயிலுக்கும் வெக்கைக்கும் வெளிறும். எங்கள் வீட்டில் இப்படி எழுதியவை 62 இருந்தன, 23 முழுதாக ஓடவில்லை. அழுத்தி எடுத்த 420 டிவிடியில் ஓடாதவை ஒன்பதுதான். அந்த 62இல் பாதி ஸ்டேஷன் வாசல் சரக்கு, போனால் போகட்டும். மீதி கல்யாணம், காதுகுத்து, அப்பாவின் அறுபதாம் கல்யாணம். சினிமா வேறு எங்காவது யாரிடமாவது இருக்கும். அறுபதாம் கல்யாணத்தில் அம்மா பந்தியில் நின்று அதட்டுகிற வீடியோ உலகத்தில் அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருக்கிறது. அம்மா இப்போது இல்லை.

அந்த டிஸ்க் நாற்பதாவது நிமிடத்தில் நின்றது. நல்லவேளை, வீடியோக்காரர் இரண்டு பிரதி கொடுத்திருந்தார். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து எழுதியவை. ddrescue-வைத் தமிழில் எப்படி எழுதினாலும் ஒரு மாதிரிதான் இருக்கும், டிடிரெஸ்க்யூ என்றே வைத்துக்கொள்வோம், இலவச மென்பொருள். படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய், முடிந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு, பிறகு திரும்பி வந்து விட்ட இடங்களை மறுபடி மறுபடி முயலும். முதல் பிரதியில் கிடைக்காத துண்டுகளை இரண்டாவதிலிருந்து நிரப்பிக்கொள்ளும். ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் முழு வீடியோவும் இருந்தது. இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்: வீட்டு விசேஷ டிஸ்க்குகளை இந்த வாரமே ஃபைலாக்குங்கள். அங்கே டிஸ்க்கா ஃபைலா என்ற கேள்விக்கே இடமில்லை.

சரி, கடைப் படங்களுக்கு வருவோம்.

மும்பை ஈரம் டிஸ்க்குக்கு ஆகாது என்பார்கள். பாதி உண்மை. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே துணியே காயாது. என் டிஸ்க்குகளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. கூர்ந்து பார்த்தால் அது டிஸ்க்கைத் தின்னவில்லை. பெட்டிக்குள் இருக்கும் அட்டைப்படக் காகிதத்தில் முளைத்து, அங்கிருந்து டிஸ்க் மேல் படர்ந்திருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய துணி போதும். மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தகவல் ஓடும் பாதையிலேயே நீளமாகப் போகும், விட்டுப்போன தகவலைக் கணக்குப் போட்டு நிரப்பும் பிளேயரின் பிழைதிருத்தத்தால் ஈடுகட்ட முடியாது. குறுக்கே விழும் கீறலை அது சமாளித்துவிடும். முந்நூறு டிஸ்க்குக்கு மேல் இப்படிக் கழுவினேன். பெரும்பாலானவை ஒன்றுமே நடக்காதது போல ஓடின.

தண்ணீரைப் பற்றிப் பேசினால் 2005 ஜூலை 26ஐச் சொல்லாமல் விட முடியாது. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. எங்களுடையது தரைத்தள வீடு, இடுப்பளவு தண்ணீர். இரண்டு நாள் கழித்து வடிந்தபோது டிவி போயிருந்தது, வீடியோ கேசட்டுகள் சேற்றுக் கட்டியாக இருந்தன. விசிடிகளை மட்டும் அப்பா பக்கெட்டில் போட்டு அலசி, துணி காயப்போடும் கொடியில் நூல் கோத்துத் தொங்கவிட்டார். அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. அதில் பல டிஸ்க்குகள் இன்றும் ஓடுகின்றன. அன்று அந்த அலமாரியில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்திருந்தால் அதையும் கேசட்டோடு சேர்த்துத்தான் வாரியிருப்போம்.

ஹார்ட் டிஸ்க் கதைக்கு டோம்பிவிலியில் இருக்கும் என் மச்சான்தான் சாட்சி. 2 டிபி ஹார்ட் டிஸ்க்கில் நானூறு படம் வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையிலிருந்து விழுந்தது. மூன்றடி உயரம்தான். அதன் பிறகு சொருகினால் டக், டக், டக் என்ற சத்தம் மட்டும். மீட்டுத் தருகிறோம் என்ற இடத்தில் சொன்ன தொகைக்கு அந்த நானூறு படத்தையும் இரண்டு தரம் வாங்கியிருக்கலாம். அவரிடம் ஒரு டிஸ்க்கும் இல்லை, இன்னொரு நகலும் இல்லை. "ஒண்ணு ஒண்ணா போயிருந்தா ஒண்ணு ஒண்ணா திரும்பச் சேத்திருப்பேன் மாமா" என்றார்.

அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. டிஸ்க் சில்லறையாகச் சாகிறது, ஹார்ட் டிஸ்க் மொத்தமாகச் சாகிறது. லட்சக்கணக்கில் ஹார்ட் டிஸ்க் ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் தன் கணக்கை வெளியிடுகிறது: ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றரை என்ற அளவில் பழுதாகின்றன. அதுவும் குளிரூட்டிய அறையில் அசையாமல் இருப்பவை. பையில் போட்டு லோக்கல் டிரெயினில் போய்வருபவை அல்ல. இன்னொன்று, டிஸ்க்கை உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு பத்து வருடம் மறந்துவிடலாம். ஃபைலை மறக்க முடியாது. ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை புது ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும், நகல் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். ஆகவே எது உசத்தி என்று கேட்பதற்கு முன் நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கேஸ் குழாயைக் காலாவதித் தேதி பார்த்து மாற்றுகிற ஆளா? அப்படியானால் ஃபைல். இன்ஷூரன்ஸ் கட்டச் சொல்லி மெசேஜ் வந்தாலும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிற ஆளா? டிஸ்க்கையே வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டாவது ரகம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பென் டிரைவ், எஸ்எஸ்டி இரண்டையும் நீண்ட காலச் சேமிப்புக்கு எண்ணவே வேண்டாம். அவற்றில் தகவல் இருப்பது மின்னேற்றமாக; மின்சாரம் தராமல் ஆண்டுக்கணக்கில் டிராயரில் கிடந்தால் அது கசியும்.

தரத்தைப் பற்றி நிறையப் பேர் சண்டை போடுகிறார்கள், இதில் சண்டைக்கே இடமில்லை. டிஸ்க்கில் இருப்பதைச் சுருக்காமல் அப்படியே எடுத்தால் ஃபைலும் டிஸ்க்கும் ஒன்றுதான், ஒரு புள்ளி குறையாது. பிரச்சினை வருவது இடத்தை மிச்சம் பிடிக்கச் சுருக்கும்போது. 6 ஜிபி டிவிடியை 1 ஜிபி ஆக்கலாம். புதுப் படங்களில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் ஃபிலிம் சுருளுக்கே உரிய பொடிப்பொடியான துகள் இருக்கிறதே, சுருக்கும் மென்பொருள் அதை அழுக்கு என்று நினைத்து வழித்துவிடும். முகங்கள் மெழுகு பூசினது போல ஆகிவிடும். சுருக்காதீர்கள். என் கணக்கில் எல்லாம் சேர்த்தே நாலரை டிபிதான் வருகிறது: டிவிடி ஒன்றுக்கு ஆறு, ஆறரை ஜிபி, விசிடி டிஸ்க் ஒன்றுக்கு 700 எம்பி, ப்ளூ-ரே ஒன்றுக்கு 38 ஜிபி வரை. ஒரு 8 டிபி ஹார்ட் டிஸ்க்கில் தாராளமாக அடங்கும்.

விசிடியின் தரம் பற்றி மட்டும் யாரும் கனவு காண வேண்டாம். 352-க்கு 288 புள்ளி. ஃபுல் எச்டி டிவியில் உள்ள புள்ளிகளில் இருபதில் ஒரு பங்கு. 55 அங்குல டிவியில் பார்த்தால் கதாநாயகியின் மூக்குத்தி எங்கே, மூக்கு எங்கே என்று தேட வேண்டும். இருந்தும் விசிடியை நான் தூக்கிப்போடவில்லை, ஏனென்றால் பதினொரு படங்கள் எனக்கு வேறு எந்த வடிவத்திலும் கிடைக்கவில்லை. மங்கலாக இருப்பது இல்லாமல் போவதைவிட மேல். தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் 1931இல் வந்தது, இன்று பார்க்க ஒரு பிரதியும் இல்லை. மங்கலாக ஒரு விசிடி கிடைத்தால் வேண்டாம் என்போமா?

டிவிடியிலும் ஒரு குறை உண்டு, அதிகம் பேர் கவனிப்பதில்லை. பால் என்ற ஒளிபரப்பு முறையில் (குடிக்கிற பால் இல்லை) அழுத்திய டிஸ்க்குகளில் நொடிக்கு 24 ஃபிரேம் என்று எடுத்த படத்தை 25 என்று ஓட்டுவார்கள். 160 நிமிடப் படம் ஆறு நிமிடம் முன்னாலேயே முடிந்துவிடும். போகட்டும். ஆனால் பாட்டின் சுருதியும் ஏறும், ஏறத்தாழ அரைக் கட்டை. அப்பா கேட்டுக்கேட்டுப் பழகியது ரேடியோவில். டிவிடியில் பாட்டு வரும்போதெல்லாம் "என்னடா இவன் தொண்டையைக் கட்டிக்கிட்டுப் பாடுறான்" என்பார். எனக்குக் காரணம் தெரிய இருபது வருடம் ஆனது. ஃபைலாக இருந்தால் பிளேயரில் வேகத்தை நாலு சதவிகிதம் குறைத்துச் சரிசெய்துகொள்ளலாம். டிஸ்க் பிளேயரில் வழியில்லை. ஃபைலுக்கு என் கணக்கில் விழுந்த பெரிய மதிப்பெண் இது.

ஓடிடி போதாதா என்று என் மகள் கேட்டாள். அது வாடகை வீடு, நான் அவளிடம் சொன்னது அவ்வளவுதான். ஒப்பந்தம் முடிந்தால் படம் காணாமல் போகும். ஆன்லைனில் "வாங்கு" என்று பொத்தான் வைத்து விற்பதும் பெரும்பாலும் பார்க்கும் உரிமம்தான். கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் அப்படி விற்பவர்கள் இது உரிமம் மட்டுமே என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். புதுப் படம் பார்க்க ஓடிடி போதும், வைத்துக்கொள்வதற்கு ஆகாது.

இனி டிஸ்க்குக்கு எதிரான வலுவான வாதம்: ஓட்டும் பெட்டி. சாம்சங் 2019இலேயே புது ப்ளூ-ரே பிளேயர் செய்வதில்லை என்று முடிவெடுத்தது, எல்ஜியும் 2024இல் விலகியது. சோனி 2025 பிப்ரவரியில் நாமே எழுதும் ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை நிறுத்தியது (படம் அச்சிட்ட டிஸ்க்குகள் வேறு, அவை வந்துகொண்டுதான் இருக்கின்றன). எங்கள் டிவிடி பிளேயர் லேசர் பழசாகி, பாதி டிஸ்க்கை "நோ டிஸ்க்" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று நான் ஒதுக்கிவைத்த பதினாறை லேமிங்டன் ரோட்டில் வாங்கிய யுஎஸ்பி டிவிடி டிரைவில் போட்டால் பதினான்கு ஓடின. நோயாளி டிஸ்க் இல்லை, டாக்டர்தான். டிரைவ் கிடைக்கும்போதே ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள்.

டிஸ்க் சரியாக இருந்தும் சாகும் நேரம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். வார்னர் நிறுவனம் 2006 முதல் 2008 வரை வெளியிட்ட டிவிடிகளில் ஒரு பகுதி, கீறல் ஒன்றும் இல்லாமலே உள்ளுக்குள் கெட்டுப்போய் ஓடாமல் நின்றன. 2025இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு மாற்றித் தர முன்வந்தது. அச்சடித்தது என்பதால் அழியாது என்று இருந்துவிடக் கூடாது.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. நான் வக்கீல் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை மீறலாகக் கருதுவதில்லை. 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு, நகலெடுக்க முடியாதபடி டிஸ்க்கில் போட்ட மென்பொருள் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. நோக்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். நான் வாங்கிய டிஸ்க் என் வீட்டில் இருக்கிறது, அதை என் டிவியில் பார்க்க ஃபைலாக்கினேன் என்றால் மனசாட்சிக்கு உறுத்தல் இல்லை. டிஸ்க்கை பங்காரில் போட்டுவிட்டோ, யாருக்கோ விற்றுவிட்டோ ஃபைலை மட்டும் வைத்துக்கொண்டால்? ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் போனது போலத்தான். படத்தின் உரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டில் முடிகிறது, ஆகவே 1950களின் படங்களுக்கு இந்தத் தயக்கம் வேண்டாம். மற்றவற்றுக்கு எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி: டிஸ்க் போனால் ஃபைலும் போக வேண்டும்.

இந்த விதிதான் எல்லோரும் சொன்ன யோசனையைக் கவிழ்த்தது. டிஸ்க்கை பங்காரில் போட்டால் படத்தையும் விட வேண்டும். பல நாள் யோசித்த பிறகுதான் ஒரு சின்ன விஷயம் உறைத்தது. அந்த 26 அடியில் டிஸ்க் எங்கே இருக்கிறது? 1.2 மில்லிமீட்டர் தகட்டுக்கு 14 மில்லிமீட்டர் பெட்டி! மூன்று வாரமாக நான் மல்லுக்கட்டியது காற்றோடு. படங்களை எப்படி வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டேனே தவிர, பெட்டியைத் திறந்து யோசிக்கவில்லை.

எல்லா டிஸ்க்கையும் வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் போடக்கூடிய மெல்லிய துணி போன்ற உறைகளில் போட்டேன். பாலிபுரொப்பிலீன் உறைதான் வேண்டும். மலிவான பிவிசி உறை வெக்கையில் டிஸ்க்கோடு ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும். விசிடியில் ஒரு படத்துக்கே இரண்டு மூன்று டிஸ்க் என்பதால் மொத்தம் 900 டிஸ்க்குக்குச் சற்றே மேல், உறையோடு நிறுத்தினால் நாலரை அடி. இரண்டு பெட்டியில் அடங்கிற்று. காகிதத்தைப் பிரித்துவிட்டதால் பூஞ்சைக்குத் தீனியும் இல்லை. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், நிறம் மாறுகிற ரகம். நீலம் இளஞ்சிவப்பாக ஆனால் அடுப்புச் சூட்டில் உலர்த்தித் திரும்ப வைக்கலாம். காலிப் பெட்டிகள் மட்டும் பங்காருக்குப் போயின, முப்பது கிலோவுக்கு மேல். கிடைத்த காசில் இரண்டு வடா பாவ், இரண்டு கட்டிங் சாய்.

ஃபைல் வேலையும் நடக்கிறது. டிவிடி ஒன்றுக்கு இருபது நிமிடம் வைத்தால் 420-க்கு 140 மணி நேரம். சாப்பிடும்போது ஒன்று, குளிக்கும்போது ஒன்று என்று போட்டுக்கொண்டிருந்தால் நடந்துவிடும். ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கினேன், இரண்டும் சேர்த்து ஒரு நல்ல ஃபிரிட்ஜ் விலை. ஒன்று செம்பூரில், இன்னொன்று டோம்பிவிலியில் மச்சான் வீட்டில், தரையில், மேசையில் இல்லை. புனேயில் 2003இல் பிடித்த ஒரே தீயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் எளிதில் தீப்பிடிக்கும் பழைய நைட்ரேட் ஃபிலிம் சுருள்கள் ஏராளம் சாம்பலாயின. எத்தனை நகல் என்பதைவிட எத்தனை வீட்டில் என்பதைப் பார்க்க வேண்டும். டிஸ்க்கையும் சேர்த்தால் மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருள், ஒன்று வெளியூரில். கம்ப்யூட்டர்காரர்கள் 3-2-1 என்று சொல்லும் கணக்கு தானாக அமைந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மச்சான் எனக்குப் போன் செய்து, இரண்டு நகலும் ஒத்துப்போகிறதா பார்த்தாயா என்று கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. சுட்ட பூனை அவர், கேட்பார்.

டிவியில் பார்க்க ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருள் போட்டிருக்கிறேன். அட்டைப்படமெல்லாம் தானாக வந்து நிற்கிறது. என்ன, ஒரே பெயரில் இரண்டு படம் இருந்தால் குழம்பிப்போகும். ரஜினியின் பில்லாவுக்கு அஜித் அட்டைப்படம், பழைய தில்லுமுல்லுவுக்குப் புதுசின் படம். ஃபோல்டர் பெயரில் 1980, 1981 என்று ஆண்டைச் சேர்த்த பிறகு சரியானது.

அப்பாவுக்கு அதுவும் பிடிபடவில்லை. ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி எங்கேயோ போய்விடுகிறார். பழைய அலமாரியில் அவர் பெயரே படிக்க மாட்டார், முதுகு அட்டையின் நிறத்தைப் பார்த்தே எடுப்பார். இதை நான் எந்தக் கணக்கிலும் சேர்த்திருக்கவில்லை. கடைசியில் என் மகள்தான் பெட்டிகளிலிருந்து உருவிய அட்டைப்படங்களைப் பழையபடி வரிசை மாறாமல் ஆல்பங்களில் செருகி, ஒவ்வொன்றின் மூலையிலும் எண் எழுதிக் கொடுத்தாள். அப்பா ஹோட்டல் மெனு மாதிரி புரட்டி விரல் வைக்கிறார், அவள் போடுகிறாள்.

நேற்று அவர் விரல் வைத்தது 317. நான் இன்னும் ஃபைலாக்காத வரிசை. பெட்டியைத் திறந்து, உறையை உருவி, யுஎஸ்பி டிரைவைத் தேடிச் சொருகுவதற்குள் இருபது நிமிடம் ஆயிற்று. "முன்னெல்லாம் கையை நீட்டினா வரும்" என்றார் அப்பா.